யாளிக்கு உரிமையாளர் யார்? கதைவிளையாட்டு ஏடுகளுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் முறை

ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, இருபது முகப் பகடையை உருட்டி மாயக்கதை ஒன்றை வளர்த்துச் செல்லும் விளையாட்டு, 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயரில் வெளியிட்ட ஒரு சிறு பெட்டியிலிருந்து பரவியது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு அது வந்து சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஞாயிறு மாலைதோறும் கூடும் எங்கள் குழு, பனிமலைக் கோட்டைகளை விட்டுவிட்டுக் கொள்ளிடக் கரையையும், பூம்புகாரில் கடல்கொண்ட தெருக்களையும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் களமாக்கி ஆடத் தொடங்கிய பிறகு, ஆடி முடித்த கதைகளை ஏடாகத் தொகுத்து மற்றக் குழுக்களுக்கும் கொடுக்கலாமே என்ற ஆசை எழுந்தது. கதை எங்களுடையது, வரைபடமும் எங்களுடையது. படங்கள் மட்டும் எங்களுடையவை அல்ல.

முதல் ஏட்டின் அட்டைக்கு, இணையத் தேடலில் கிடைத்த கடல்நாக ஓவியம் ஒன்றை எடுத்து வைத்து, உள்பக்கத்தில் ‘படம்: இணையம்’ என்று எழுதிவிட்டோம். மூன்றாம் வாரம் அதை வரைந்தவரிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. அதில் கோபமோ மிரட்டலோ இல்லை. ஓவியம் தன்னுடையது என்றும், இதை யாரிடம் கேட்டுச் சேர்த்தீர்கள் என்றும், தன் பெயரைக்கூட ஏன் போடவில்லை என்றும் மூன்றே வரிகளில் கேட்டிருந்தார். அந்த மூன்றுக்கும் எங்களிடம் விடை இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் கைக்கொண்ட முறையையே இங்கு எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை ஏடு தயாரிக்கிறவனின் தேவைக்காகப் படித்தவன். விற்பனை, ஒப்பந்தம், பெருந்தொகை என்று வருமானால் உரியவரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

முறையின் சாரம் சுருக்கமானது. எந்தப் படத்தையும் கோப்பில் சேர்ப்பதற்கு முன், அதை ஆக்கியவர் யார் என்பதையும், எந்த அடிப்படையில் அதைப் பயன்படுத்துகிறோம் என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அந்தப் படம் வேண்டாம். அடிப்படைகள் பலவகைப்படும்: நாமே எடுத்தது, உரிமைக்காலம் முடிந்தது, உரிமம் பெற்றது, ஓவியர் நேரடியாக அனுமதித்தது என்று அவை விரியும். இவற்றுள் காவிரிப் படுகையில் வாழ்கிறவர்களுக்கு முதல் வகையே மிகவும் வளமானது என்பது என் எண்ணம். அதை விரிவாகப் பிறகு சொல்கிறேன்.

மேசைக்குள்ளும் மேசைக்கு வெளியிலும்

ஆட்டத்தின்போது ஐந்து நண்பர்களுக்குச் செல்போனில் ஒரு அரக்கனின் படத்தைக் காட்டுவதும், அதை அச்செடுத்துப் பகடைக்கு அருகில் வைப்பதும் ஒருவகை. அதே படத்தை ஏட்டில் சேர்த்து முகமறியாதவர்களும் பெறும்படி வெளியிடுவது முற்றிலும் வேறுவகை. சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டையும் ஆய்வையும், விமர்சனத்தையும் மதிப்புரையையும், நடப்புச் செய்தியையும் முன்னிட்டு நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாளுவதை மீறலாகக் கொள்வதில்லை. மொட்டை மாடி ஆட்டம் முதல் வகைக்குள் அடங்கும். நானூறு பேர் இருக்கும் டெலிகிராம் சேனலில் பிடிஎஃப் ஏறிய கணத்தில் அந்தக் காப்பு போய்விடுகிறது. எங்கள் தவறு நேர்ந்ததும் அங்கேதான்: ஆட்டத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த படக் கோப்புறையையே ஏட்டுக்கும் பயன்படுத்திவிட்டோம். இப்போது இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் வைத்திருக்கிறோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்தப் படமும் விசாரணையின்றிப் போகக் கூடாது என்பது குழுவின் விதி.

‘இலவசமாகத்தானே கொடுக்கிறோம்’ என்ற சமாதானம் எல்லாக் குழுக்களிலும் கேட்கிறது. வணிக ஆதாயமில்லாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது என்ற அளவில்தான் சட்டம் இலவசத்தை மதிக்கிறது. மீறல் மீறலாகவே இருக்கும். ‘கல்வி நோக்கத்துக்கு மட்டும்’, ‘உரிமை உரியவர்களுக்கே’ போன்ற வரிகளும் எதையும் மாற்றுவதில்லை. ஓவியரின் பெயரைப் போடுவது அவசியமான மரியாதை என்றாலும் அது அனுமதிக்கு ஈடாகாது.

மதிப்புரை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் உண்டு. ஒரு விதிநூலின் அமைப்பு தெளிவாக இல்லை என்று எழுதும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுவதும், அட்டை ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது அட்டையைச் சிறிதாக வைப்பதும் விமர்சனத்துக்குள் அடங்கும். படத்தை நீக்கினாலும் கட்டுரை அப்படியே நிற்குமானால் அந்தப் படம் அழகுக்காக வைக்கப்பட்டது என்று பொருள். அப்போது மதிப்புரை என்ற பெயர் அதைக் காக்காது.

விதி பொது, ஓவியம் தனி

ஒரு கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்பதை 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பகடை உருட்டி, பாத்திரத்தின் வலிமையைக் கூட்டி, இலக்கெண்ணோடு ஒப்பிடும் முறை யாருக்கும் பொது. அதை விளக்கும் வாக்கியங்களும், அருகில் அச்சிட்ட ஓவியங்களும் அப்படியல்ல. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், உரிமத்தை இறுக்கப்போவதாக எழுந்த பெருஞ்சர்ச்சைக்குப் பிறகு, 2023 ஜனவரியில் தன் அடிப்படை விதித்தொகுப்பின் 5.1 பதிப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்த முன்கூட்டியே இசைவு தரும் பொது உரிமத்தில், விடுத்தது. அதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு, நூல்களிலுள்ள ஓவியங்களும் பொதுவாகிவிட்டன என்று எண்ணுகிறார்கள். அந்தத் தொகுப்பில் எழுத்து மட்டுமே இருக்கிறது. அதிலிருந்து தமிழாக்கம் செய்யலாம், விற்கவும் செய்யலாம், உரிய நன்றிக்குறிப்பைச் சேர்த்தால் போதும். ஆனால் விதிநூலின் பக்கத்தை ஸ்கேன் செய்து அரக்கனின் படத்தை வெட்டி ஒட்ட அது அனுமதி தரவில்லை.

‘நானே வரைந்தேன்’ என்பதும் முழு விடையாகாது. பிறருடைய நூலில் தனித்தன்மையோடு அமைந்த ஒரு உருவத்தைப் பார்த்து வரைந்தால், பென்சில் நம்முடையதாக இருந்தாலும் அது தழுவலே. சிறகுள்ள பாம்பு என்ற கருத்து எல்லோருக்கும் உரியது. ஒரு நிறுவனத்தின் குறிப்பிட்ட அரக்கனுக்கே உரிய கண்ணமைப்பும் வாயமைப்பும் நிறமும் கூடிய வடிவம் அப்படியல்ல. பெயரிலும் இந்தச் சங்கடம் உண்டு. 1974-ஆம் ஆண்டுப் பெட்டியில் ‘ஹாபிட்’ என்றிருந்த குள்ள இனம், அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடியவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு ‘ஹாஃப்லிங்’ ஆனது. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களே பெயர் மாற்ற வேண்டியிருந்தது என்றால், நாம் இன்னும் கவனமாக இருப்பதில் குறைவொன்றுமில்லை.

கேமராவோடு தாராசுரம்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்னும் சிற்பம் இருக்கிறது. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. படிக்கட்டின் கைப்பிடியில் யாளி, மண்டபத்தை இழுக்கும் கற்குதிரை என்று நடக்க நடக்க அரக்கர் கையேடு விரிந்துகொண்டே போகும். திருபுவனத்தில் சிங்கமும் பறவையும் கூடிய சரபர்; ஊர் எல்லைகளில் அய்யனாரின் சுடுமண் குதிரைகள்; கடலோரத்தில் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோட்டை; தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை. இவ்வளவும் அரை நாள் பயணத் தொலைவில் இருக்கும்போது, கண்காணாத ஊரின் ஓவியரிடமிருந்து கடல்நாகத்தை எடுத்தோமே என்று பிறகு எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

சோழர் காலச் சிற்பத்துக்குப் பதிப்புரிமை என்று ஒன்றும் இல்லை. அதை எடுத்த ஒளிப்படத்துக்கு உண்டு. இந்த வேறுபாடே எல்லாவற்றுக்கும் அடிப்படை: தாராசுரம் யாளியை யாரும் படமெடுக்கலாம், ஆனால் இன்னொருவர் ஒளியும் கோணமும் பார்த்து எடுத்த யாளிப் படத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நாமே எடுத்தால் உரிமை நம்முடையது, செலவு பேருந்துக் கட்டணம் மட்டும். கோயில் கிழக்கு நோக்கியது என்பதால் முகப்புச் சிற்பங்களுக்குக் காலை வெயில் சாய்வாக விழும்போது போக வேண்டும். உச்சி வெயிலில் கல் தட்டையாகிவிடும், புடைப்புத் தெரியாது. ஏட்டில் டோக்கனாக, அதாவது வரைபடத்தின்மேல் பாத்திரத்தைக் குறிக்க வைக்கும் சிறு வில்லையாகச் சுருங்கப்போகும் படத்துக்கு உருவத்தின் விளிம்பு தெளிவாகவும் பின்னணி வெறுமையாகவும் இருப்பது முக்கியம். ஒரே சிற்பத்தை நேராகவும் பக்கவாட்டிலும் அண்மையிலும் எடுத்து வைத்தால் அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் பயன்படும்.

அண்மைக்காலப் படைப்புகளைப் படமெடுக்கும்போது மட்டும் ஒரு நுட்பத்தை நினைவில் கொள்ள வேண்டும். பொதுமக்கள் சென்றுவரும் இடத்தில் நிரந்தரமாக அமைந்த சிற்பங்களையும், கட்டடங்களையும், கைவினைப் படைப்புகளையும் படமெடுத்து வெளியிட 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆகவே சென்ற ஆண்டு திருப்பணியில் எழுந்த கோபுரத்தின் சுதைப் பூதங்களையும், புதிதாக நிறுவிய சிலையையும் தயக்கமின்றி எடுக்கலாம். ஓவியங்களுக்கு இந்தச் சலுகை நீளவில்லை. பேருந்து நிலையச் சுவரில் அண்மையில் தீட்டிய ஓவியமும், புதுப்பித்த மண்டபத்தின் விதானத்தில் வரைந்த காட்சியும் வரைந்தவருக்கே உரியவை. அவற்றைப் படத்தின் மையமாக்கி வெளியிட வேண்டுமானால் கேட்க வேண்டும். கொலு பொம்மை சிற்பம்தானே என்று ஒரு தோழி வாதிட்டார். கொலுப்படி ஒன்பது நாள் கழித்துக் கலைந்துவிடுவதால் அதை நிரந்தரமாக அமைந்தது என்று சொல்ல முடியாது.

பதிப்புரிமை வேறு, நுழைவு விதி வேறு என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. வெளிப்புறத்தைக் கையில் பிடித்த கேமராவால் எடுப்பதற்குத் தடையில்லை, கருவறைக்குள் எடுக்கக் கூடாது, முக்காலி போன்ற கருவிகளை வைத்து எடுக்க முன்னனுமதி வேண்டும். அறநிலையத் துறைக் கோயில்களைப் பொறுத்தவரை, 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்ய உத்தரவிட்டதை அறிவோம். வாசலில் கேட்டுக்கொண்டு உள்ளே போவது நல்லது. பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. அவற்றைப் பற்றிய நூல்களிலிருந்து படத்தை ஸ்கேன் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆயிரம் ஆண்டு ஓவியத்துக்கு உரிமை இல்லை என்றாலும், குறுகிய இருட்டறைக்குள் விளக்கு வைத்து அதைப் படமெடுத்தவரின் உழைப்புக்கும் தேர்வுக்கும் உரிமை கோர இடமிருக்கிறது. நாங்கள் அதைத் தொடுவதில்லை. அந்த ஓவியங்களின் உடையமைப்பையும் கொண்டையையும் பார்த்துப் புதிதாக வரைந்துகொள்கிறோம்.

இன்னொன்று, இது சட்டம் அல்ல, என் கருத்து: வழிபாட்டில் இருக்கும் மூர்த்தியின் படத்தை, வீழ்த்த வேண்டிய எதிரியாக ஏட்டில் வைக்கக் கூடாது. யாளி, பூதம், மகரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் ஊரில் யாரும் மனம் நோக மாட்டார்கள், கதைக்கும் குறைவு வராது. படத்தில் அடையாளம் தெரியும்படி யாராவது நின்றால், அவர் குருக்களாகட்டும் பூக்கடைக்காரராகட்டும், கேட்டுக்கொண்டே சேர்க்க வேண்டும்.

மறைந்தோர் வரைந்தவை

ஓவியம், ஒளிப்படம், எழுத்து ஆகியவற்றுக்கு இந்தியாவில் ஆக்கியவரின் வாழ்நாளும், அவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் உரிமைக்காலம். கணக்குப் போடுவது எளிது. அவனீந்திரநாத் தாகூர் 1951-இல் மறைந்தார்; 2011 டிசம்பர் 31-உடன் உரிமை முடிந்தது. ராஜா ரவிவர்மா 1906-இலும், மாயக்கதை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ஆர்தர் ரேக்கம் 1939-இலும் மறைந்தவர்கள் என்பதால் இருவருடைய ஓவியங்களும் இங்கே கட்டற்றவை. அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு மறைந்த ஆண்டை அல்ல, வெளியான ஆண்டையே கொண்டு, பொதுவாக 95 ஆண்டுகள் வரை கணக்கிடுகிறார்கள். ஏட்டை அந்நாட்டுத் தளத்தில் விற்பனைக்கு வைப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழையதுபோலத் தோன்றுகிற எல்லாமே பழையது அல்ல என்பதுதான் இங்குள்ள பெரிய கண்ணி. சோழர் கதைக்களத்தில் ஆடுகிறவர்கள் முதலில் கைவைப்பது ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களின் மீது. கல்கி 1954-இல் மறைந்தவர், அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அதனால் படங்களும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள். எழுத்தின் உரிமை எழுத்தாளரைச் சார்ந்தது, ஓவியத்தின் உரிமைக்காலம் ஓவியரின் வாழ்நாளைச் சார்ந்தது. மணியம் 1968-இல் மறைந்தவர் என்பதால் 2028 முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் நாள்காட்டியாகத் தொங்கும் தெய்வப் படங்களுக்கும் இதே கணக்குத்தான். அந்தக் கலையின் முன்னோடியான கோவில்பட்டி கொண்டையராஜு 1976-இல் மறைந்தவர். அவருடைய படங்களுக்கு 2036 வரை உரிமை நீடிக்கும்.

படுகையைக் களமாகக் கொள்கிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பவை இரண்டு. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட அச்சோவியங்களில் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. அந்தக் காட்சி மாயக்கதையின் தலைநகருக்கு அப்படியே பொருந்தும். லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சையையும் திருவையாற்றையும் எடுத்த ஒளிப்படங்கள் மற்றொன்று. நீண்ட நேரம் ஒளிவிட்டு எடுத்தவை என்பதால் மனித நடமாட்டம் பெரும்பாலும் பதியாமல், பேய் உலவும் ஊரைப் போல இருக்கும். இவற்றை அருங்காட்சியகங்களின் தளங்களிலிருந்து நேரே பதிவிறக்க வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-இலிருந்து, உரிமைக்காலம் முடிந்த தன் சேகரிப்புப் படங்களைக் கட்டுப்பாடின்றி விடுத்திருக்கிறது. யாரோ வண்ணம் சேர்த்து ‘மெருகேற்றிய’ பிரதிகளைத் தவிர்க்க வேண்டும். அந்த வண்ணத் தேர்வுக்கு அவர் உரிமை கோரக்கூடும்.

உரிமத்தைப் படிக்கும் விதம்

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆறு. அவற்றின் பெயரில் உள்ள எழுத்துகளைப் பிரித்துப் படித்தால் போதும்: பிஒய் என்றால் ஆக்கியவரின் பெயரைச் சொல்ல வேண்டும், எஸ்ஏ என்றால் மாற்றி வெளியிடும் வடிவத்தையும் அதே உரிமத்தில் விட வேண்டும், என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது, என்டி என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது. நம் தொழிலில் கடைசி இரண்டும்தான் இடறும். யாளிப் படத்தை வட்டமாக வெட்டி, பின்னணியை நீக்கி, டோக்கன் ஆக்குவதை மாற்றமாகவே கொள்வது பாதுகாப்பானது. ஆகவே என்டி படங்களை முழுப்பக்கமாக அப்படியே வைப்பதற்கு மட்டும் எடுக்கிறோம். என்சி படங்கள் உள்ள ஏட்டை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, அச்சுக்கூலி மட்டும் வாங்கிக் கொடுத்தால் அது வணிகமா என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. முடிவு எட்டவில்லை. அதனால் பணம் கைமாறும் எந்த ஏட்டிலும் என்சி படம் சேர்ப்பதில்லை என்று ஒதுங்கிக்கொண்டோம்.

கட்டற்ற படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமமும் எடுத்தவர் பெயரும் இருக்கும். ஆயினும் ஏற்றியவரே எடுத்தவரா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். திரைப்படக் காட்சியை ‘சொந்தப் படைப்பு’ என்று ஏற்றி வைக்கிறவர்கள் உண்டு. பிறருடைய உடைமையை எவரும் உரிமமாக வழங்க முடியாது. கூகுள் படத்தேடலில் உரிமத்தைக் கொண்டு வடிகட்டும் வசதி தொடக்கத்துக்கு உதவும், முடிவு அந்தந்தத் தளத்தில் சென்று பார்த்த பிறகே. பிறர் படங்களைச் சேகரித்துப் பகிரும் தளமான பின்டரெஸ்ட் ஒருபோதும் மூலம் ஆகாது. அங்கே பிடித்த படம் கிடைத்தால், படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியால் முதலில் வெளியான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கத்தி, கேடயம், மருந்துக் குப்பி போன்ற சின்னங்களுக்கு கேம்-ஐகான்ஸ் தளம் போதும். அவை பெரும்பாலும், பெயர் சொன்னால் போதுமான சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) பிஒய் 3.0 உரிமத்தில் உள்ளவை.

நன்றிக்குறிப்பில் தலைப்பு, ஆக்கியவர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயரும் எண்ணும், செய்த மாற்றம் ஆகியவை இருக்க வேண்டும். எங்கள் ஏட்டில் இப்படி எழுதுகிறோம்: ‘பக்கம் 12: படித்துறை, ஒளிப்படம் எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, விளிம்பு வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கியது.’ பிடிஎஃபில் உரிமத்தின் பெயரைத் தொட்டால் அதன் பக்கம் திறக்கும்படி இணைப்புக் கொடுக்கிறோம்.

நிறுவனத்தின் ஓவியமே வேண்டுமென்றால்

சில நிறுவனங்கள் ரசிகர்களுக்கென்று தனிக் கொள்கை வைத்திருக்கின்றன. விசார்ட்ஸ் நிறுவனத்தின் ரசிகர் படைப்புக் கொள்கையின்படி, படைப்பு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், நிறுவனத்தின் முத்திரைச் சின்னங்களைப் பயன்படுத்தக் கூடாது, இது அதிகாரபூர்வமற்றது என்ற அறிவிப்பு இருக்க வேண்டும், நூலை அப்படியே நகலெடுத்துப் பரப்புவது ரசிகர் படைப்பு ஆகாது. நிறுவனம் விரும்பினால் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்பதால், பல ஆண்டுகள் நிற்க வேண்டிய ஏட்டை இதன்மீது கட்ட நான் விரும்புவதில்லை. ஒரே ஓவியர் நிறுவனத்துக்காக வரைந்ததும் தனக்காக வரைந்ததும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. நிறுவனத்தின் கொள்கை இரண்டாவதைத் தொடாது.

ஓவியரிடம் கேட்பது

இதை எல்லோரும் கடைசி வழியாக நினைக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில், தெளிவாகக் கேட்டால் பாதிப்பேர் மகிழ்ச்சியோடு இசைகிறார்கள். எந்தப் படம், எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில், விலை உண்டா, அச்சா மின்னேடா, மாற்றம் செய்வோமா என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் பயிலும் ஒருவருக்கு நாங்கள் எழுதிய கடிதம் ஏறத்தாழ இவ்வாறு இருந்தது:

‘வணக்கம். தங்களுடைய “மழையில் மகரம்” என்ற கோட்டோவியத்தைக் கண்காட்சியில் கண்டோம். நாங்கள் நட்புக்குழுவாகத் தயாரித்து இலவசமாக வெளியிடும் நாற்பது பக்கக் கதைவிளையாட்டு ஏட்டின் ஒன்பதாம் பக்கத்தில் அதை முழுமையாக, மாற்றமின்றி வெளியிட அனுமதி வேண்டுகிறோம். மின்னேடாகவும், ஐம்பது அச்சுப்படிகளாகவும் வெளிவரும். தங்கள் பெயரைப் படத்தின் கீழேயே இடுவோம். உலகெங்கும், காலவரையின்றி இந்த ஏட்டில் மட்டும் பயன்படுத்தும் அனுமதியாக இது இருக்க வேண்டுகிறோம். ஓவியத்தின் உரிமை தங்களிடமே இருக்கும். தங்களுக்குச் சம்மதமானால் இந்த மடலுக்கு மறுமொழியாக எழுதித் தர வேண்டுகிறோம்.’

‘உலகெங்கும், காலவரையின்றி’ என்ற சொற்களை அலங்காரமாக எண்ண வேண்டாம். உரிமத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் ஒருவர் பதிவிறக்கப்போகும் ஏட்டுக்கு அது போதாது. அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். டீக்கடையில் ‘எடுத்துக்கங்க தம்பி’ என்று சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரியாக வாங்கிக்கொள்ள வேண்டும். விடை வராமலிருப்பதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. பணம் கொடுத்து வரைவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது வரைவித்தவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுகிறார் என்பது பல ஓவியர்களுக்குத் தெரியாது. ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு அவ்வளவையும் எடுத்துக்கொள்வது முறையன்று என்பதால், உரிமை ஓவியரிடமே இருக்கும் என்று நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். உரிமை யாரிடம் இருந்தாலும், தன் பெயரைக் கோரும் உரிமையும், தன் படைப்பைப் பழுதுபடும்படி சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி ஓவியரை விட்டு நீங்குவதில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனிதப் பங்களிப்பற்ற படத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தர மறுக்கிறது. வாழும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் பாணியில் படம் கேட்பது, கேட்காமல் எடுத்த கடல்நாகத்துக்கு நெருங்கிய உறவு. எங்கள் ஏட்டில் அவற்றைச் சேர்ப்பதில்லை.

கணக்கேடும், தவறு நேர்ந்தால் செய்ய வேண்டியதும்

ஒவ்வொரு படத்தையும் பதிவிறக்கிய அன்றே ஒரு கணக்கேட்டில் ஏற்ற வேண்டும்: கோப்பின் பெயர், ஆக்கியவர், அவர் மறைந்த ஆண்டு அல்லது உரிமம், முகவரி, தேதி, செய்த மாற்றம். உரிமம் தெரியும் பக்கத்தைப் படமாகச் சேமித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் தளங்கள் மறைந்துவிடுகின்றன. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதப்போவதில்லை. முதல் ஏட்டில் இருந்த இருபத்திரண்டு படங்களில் பதினேழுக்கு மூலம் எதுவென்று எங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

யாராவது ‘இது என்னுடையது’ என்று எழுதினால், முதலில் கோப்பை எல்லா இடங்களிலிருந்தும் இறக்க வேண்டும், அடுத்து மறுமொழி எழுத வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. மறுமொழியில், நாங்கள் சிறு குழு, லாபமில்லை, உங்களுக்கு விளம்பரம்தானே என்றெல்லாம் வாதாடத் தேவையில்லை. எப்போது வெளியிட்டோம், எத்தனை பேருக்குப் போனது, எப்போது நீக்கினோம் என்பதைச் சொல்லி வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவர் உரிமையாளர் அல்ல என்று ஐயம் எழுந்தாலும் நீக்கிவிட்டே விசாரிக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் பெயர் விடுபட்டது போன்ற பிழையாக இருந்தால், தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் உரிமம் தானாகவே மீள்கிறது.

கடல்நாக ஓவியருக்கு அன்றிரவே எழுதினோம். மறுநாள் அவர் நன்றி சொல்லி ஒரு வரி அனுப்பினார், அதோடு முடிந்தது. ஏட்டின் எண்ணை 1.1 என்று மாற்றி, பழைய பிரதியை அழித்துவிடுமாறு வேண்டி, முன்பு பகிர்ந்த அதே குழுக்களுக்குப் புதியதை அனுப்பினோம். அட்டையில் இப்போது ரிஷபகுஞ்சரம் இருக்கிறது. ஜனவரிக் காலை ஏழே முக்கால் மணிக்கு எங்கள் குழுவில் இளையவள் எடுத்த படம் அது; முன்னட்டையில் தலைப்பின் எழுத்துகள் யானையின் பக்கம் விழுவதா காளையின் பக்கம் விழுவதா என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த முடிவு வரவில்லை.